ஊசிக்கு முன் ஒரு சோதனை

பால் உறையவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது உறைமோர்தான். மோர் பழசு, பால் ஆறிப்போய்விட்டது, பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று காரணங்கள் வரிசையாக வரும். முந்தின நாள் அந்த மாட்டுக்கு ஊசி போட்டிருப்பார்களோ என்று யாருக்கும் தோன்றாது. தயிரை உறைய வைக்கும் பாக்டீரியாக்கள் பென்சிலினுக்கு மிக எளிதில் அடங்கிவிடுபவை. கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாத அளவு மருந்து பாலில் கலந்திருந்தாலே அவை பெருகாமல் நின்றுவிடும். பால் பண்ணை ஆய்வகங்கள் இந்த இயல்பையே சோதனையாக்கி வைத்திருக்கின்றன. மருந்துக்கு எளிதில் மடியும் ஒரு பாக்டீரியாவோடு பாலைச் சேர்த்துச் சுமார் 64 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைப்பார்கள். அது வளர்ந்தால் அமிலம் சுரந்து, ஊதா நிறம் மஞ்சளாகும். ஊதா ஊதாவாகவே நின்றால் பாலில் மருந்து இருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தின் பேர்பெற்ற பால் பண்டத்துக்கு இப்படி ஒரு காவல் கிடையாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு உறைமோர் தேவையில்லை. பாலும் சர்க்கரையும் அடுப்பும் விடாமல் கிண்டும் கையும் போதும். மருந்து கலந்த பாலும் நன்றாகவே சுண்டும், நன்றாகவே மணக்கும். காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் சூட்டில் பென்சிலினின் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடுகிறது. நெடுநேரம் கொதித்தால் ஒரு பங்கு சிதையும், அவ்வளவுதான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 மே முதல் அக்டோபர் வரை நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. வரம்புக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தவை 77. அதாவது 1.2 சதவீதம். தமிழ்நாட்டுக்கு அந்த ஆய்வு கொடுத்த பெரிய தலைவலி மருந்து அல்ல. பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து வரும் அஃப்ளாடாக்சின். ஆனால் பாலில் எச்சம் குறைவு என்பதால் மாட்டுக்குப் போகும் மருந்து குறைவு என்று ஆகிவிடாது. மருந்தை எதிர்த்துப் பிழைக்கப் பழகும் கிருமிகள் பால் பாக்கெட்டில் பிறப்பதில்லை. மடியிலும் குடலிலும் சாணத்திலும் தொழுவத்து மண்ணிலும் பிறக்கின்றன. அவற்றை எந்தப் பால் ஆய்வகமும் எண்ணுவதில்லை.

கறவை மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போடப்படுவதற்கு உலகம் முழுக்க முதல் காரணம் ஒன்றே: மடிநோய்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்த நோய்க்கு ஒரு தனிக் காலக்கணக்கு உண்டு. மழை குறைவு, வெயில் அதிகம் என்பதுதான் இந்தக் கரிசல் காட்டுக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டுவந்து சேர்த்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, நனைத்ததெல்லாம் மாலைக்குள் காயும் ஊர் அவர்களுக்குத் தோதாக அமைந்தது. மருந்துத்திரி காய உதவிய அதே வெயில் பசும்புல்லை வளரவிடவில்லை. எனவே இங்கே பெரிய மாட்டுப் பண்ணைகள் குறைவு. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ ஜெர்சி கலப்பு மாடு, சோளத்தட்டை, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். அந்த நாட்களில் சொசைட்டியில் ஊற்றும் பால்தான் கைக்காசு. வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் அப்போதுதான். தொழுவம் சொதசொதவென்று ஆகிறது. மண்ணும் சாணமும் கலந்த ஈரத்தில் மாடு படுக்கிறது. பால் காசு மிக அவசியமாகத் தேவைப்படும் மாதங்களும் மடிநோய்க்கு ஏற்ற மாதங்களும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

காம்பின் நுனியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய். அதைச் சுற்றி ஒரு சுருக்குத் தசை, உள்ளே மெழுகு போன்ற ஓர் அடைப்பு. மடிக்கும் வெளியுலகத்துக்கும் இடையில் இருக்கும் கதவு இவ்வளவுதான். பால் பீச்சி முடித்த பிறகு அந்தக் கதவு முழுமையாக மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் மாடு படுத்தால் தரையிலிருப்பது உள்ளே போகும். கறந்தவுடன் தீவனம் வைத்து மாட்டை நிற்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உள்ளே போகும் கிருமிகள் இரண்டு வழியில் வருகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே போன்றவை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குக் கறப்பவரின் கையிலும் துடைக்கும் துணியிலும் தொற்றிப் போகின்றன. ஈ. கோலை போன்றவை சாணத்திலும் சேற்றிலும் காத்திருக்கின்றன. எது நுழைந்தாலும் மாட்டின் உடம்பு ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை லட்சக்கணக்கில் மடிக்குள் அனுப்புகிறது. நலமான மடியில் ஒரு மில்லி பாலுக்கு இரண்டு லட்சத்துக்குக் குறைவாக இருக்கும் இந்த அணுக்கள் நோயில் பத்து லட்சம், ஐம்பது லட்சம் என்று ஏறுகின்றன. அதோடு ரத்தத்து உப்பும் பாலில் கசிகிறது, பாலின் சர்க்கரை குறைகிறது. உப்புக் கரிக்கும் பாலை நம் பாட்டிமார் நாக்கில் வைத்தே கண்டுபிடித்தார்கள். இன்றைய மின்கடத்துத் திறன் கருவிகள் அளப்பதும் அதே உப்பைத்தான்.

பால் திரிதிரியாக வந்து, மடி கல்லாகி, மாடு காலை உதைக்கும் நிலை எல்லோருக்கும் தெரியும். அப்படி வெளியே தெரியும் ஒரு மாட்டுக்குப் பின்னால், வெளியே எதுவும் தெரியாத மடிநோயோடு பல மாடுகள் இருக்கும். பால் பார்வைக்கு நன்றாக இருக்கும். அரை லிட்டர், ஒரு லிட்டர் குறைந்திருக்கும். தீவனம் சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

இந்த மறைந்த நோயைக் கொட்டகையிலேயே பிடிக்க 1957இல் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. முதல் பீச்சை வெளியே விட்டுவிட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒவ்வொரு குழியில் கொஞ்சம் பால். அதே அளவு சோதனைக் கரைசல். தட்டைப் பிடித்து வட்டமாகச் சுழற்ற வேண்டும். பத்து வினாடியில் தெரிந்துவிடும். நல்ல பால் தண்ணீராக ஓடும். நோயுற்ற பால் வெண்டைக்காய் நறுக்கிய தண்ணீர்போல் வழவழத்து, நோய் முற்றியிருந்தால் கூழாகி நடுவில் குவியும். கரைசலில் இருப்பது ஒருவகைச் சோப்புப் பொருள். அது வெள்ளை அணுக்களின் சவ்வைக் கரைக்கிறது. உள்ளே சுருண்டு கிடந்த டி.என்.ஏ. இழைகள் விடுபட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நாம் பார்க்கும் கூழ் அந்த இழைகள்தான். மரபணுவை வெறுங்கண்ணால் பார்க்கும் வாய்ப்பு மாட்டுக்கொட்டகையில் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அந்தக் கரைசலும் கிடைக்காத இடத்துக்குப் பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் ஒரு மாற்று கண்டார்கள். துணி துவைக்கும் சோப்புத்தூளை 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் வீதம் கரைத்தால் போதும், அதே வேலையைச் செய்கிறது. பெட்டிக்கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் ஒரு பொருளால் மடிநோயைக் கண்டுபிடிக்கலாம் என்பதை நம் கால்நடை முகாம்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம். சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, மடியைத் தடவிப் பார்க்கிறவர்கள் நான்கு காம்புப் பாலையும் ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்தால் பிறகு ஏமாந்து நிற்க வேண்டியதில்லை. ஈன்ற முதல் சில நாள் சீம்பாலிலும், பால் வற்றும் தறுவாயிலும் அணுக்கள் இயல்பாகவே அதிகம். அப்போது வரும் கூழை நம்பக் கூடாது.

இதுவரை எல்லாம் சுமுகம். சிக்கல் இனிமேல்தான்.

காலை ஆறு மணி. பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். பால் திரிந்து வருகிறது. ஊசிக்காரருக்குப் போன் போகிறது.

"அண்ணாச்சி, மாட்டுக்கு மடி கல்லு மாதிரி இருக்கு. வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க."

"காய்ச்சல் இருக்கா தாயி? தீவனம் திங்குதா?"

"திங்குது. நான் வேலைக்குப் போகணும். நீங்க வந்து போட்டுருங்க."

ஊசி போடப்படும். பெரும்பாலும் எதையும் சோதிக்காமல். சில சமயம் மனிதருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோனே மாட்டுக்கும் ஏறும். உலக சுகாதார நிறுவனம் மனிதர்களுக்காகக் கவனமாகக் காத்துவைக்கச் சொல்லும் மருந்துப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கும் வகை அது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் குறித்து 2012இல் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்ட மருத்துவர்களின் கவலை பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளையும் மருந்துக்கடைகளையும் சுற்றி இருந்தது. தொழுவத்துக்கு அந்த வெளிச்சம் பிற்பாடுதான் வந்தது, அதுவும் மங்கலாக.

இந்த நேரத்தில் தட்டையும் சோப்புக் கரைசலையும் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும்? ஊசி கூடிவிடலாம்! நான்கு மாட்டில் வெளியே நோய் தெரிந்தது ஒன்றுக்கு மட்டும். சோதித்துப் பார்த்ததில் இன்னும் இரண்டுக்கும் கூழ் வருகிறது. மூன்றுக்கும் ஊசி. சோதனையை வாங்கிக் கொடுத்தால் மருந்து தானாகக் குறையும் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மடிக்குள் சண்டை நடக்கிறது என்று கூழ் சொல்லும். எந்தக் கிருமியோடு சண்டை, மாடு தானே வெல்லுமா, மருந்தால் பலன் உண்டா என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை. ஊசியைத் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகள்தான்.

அவற்றுக்குப் பதில் தேடிய ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களிலும் கனடாவின் ஒண்டாரியோவிலுமாக 8 பண்ணைகள், மிதமான மடிநோய் கண்ட 422 மாடுகள். ஒரு பாதி மாடுகளுக்கு வழக்கம்போல் உடனே காம்பு வழியாக மருந்து டியூப் ஏற்றினார்கள். மறுபாதியின் பாலை ஒரு வளர்ப்புத் தட்டில் தடவி, சிறு வெப்பப்பெட்டியில் ஒரு நாள் வைத்தார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை, பண்ணையிலேயே. ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை வளர்ந்தால் மட்டும் மருந்து. ஈ. கோலை வகை வளர்ந்தாலோ எதுவுமே வளராவிட்டாலோ மருந்து கிடையாது. இரண்டாம் கூட்டத்தில் மருந்துப் பயன்பாடு ஏறக்குறைய பாதியானது. பால் தெளிய எடுத்துக்கொண்ட நாட்களிலும், கிருமி ஒழிந்த விகிதத்திலும், பிற்பாடு கறந்த பாலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

காரணம் எளியது. மிதமான ஈ. கோலை நோயில், பால் திரிந்து நம் கண்ணில் படுவதற்குள் மாட்டின் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் கிருமியைத் தீர்த்துக்கட்டியிருக்கும். வளர்ப்புத் தட்டில் எதுவும் முளைக்காத மாதிரிகள் பலவும் அப்படிப்பட்டவை. சண்டை முடிந்த களத்தில் மருந்தைக் கொட்டுவதால் மாட்டுக்கு லாபமில்லை. எதிர் ஓரத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருக்கிறது. நாள்பட்டால் அது மடியின் திசுவுக்குள் சீழ்க்கட்டிகளாகச் சுவர் எழுப்பி உட்கார்ந்துகொள்ளும். மருந்து அதை எட்டுவதில்லை. அப்படிப்பட்ட மாட்டுக்கு ஆறு மாதத்தில் நான்கு முறை ஊசி போட்டும் பயனிருக்காது. கடைசியாகக் கறப்பதோ கழித்துவிடுவதோதான் வழி. மருந்தால் உண்மையில் பிழைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கூட்டம்.

அந்த ஆய்வில் முக்கியமான ஒரு நிபந்தனை உண்டு. காய்ச்சலடித்து, தீவனம் விட்டு, துவண்டு நிற்கும் மாடுகளை அதில் சேர்க்கவில்லை. அவை காத்திருக்கக் கூடாதவை. போனில் "தீவனம் திங்குதா?" என்று கேட்டவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. பதிலைக் கேட்ட பிறகும் ஊசியோடு கிளம்பியதுதான் தவறு.

இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் வெப்பப்பெட்டியும் வளர்ப்புத் தட்டும் நடக்கிற காரியமில்லை. அது சொசைட்டி அளவிலோ கால்நடை மருந்தக அளவிலோ நடக்க வேண்டும். காலையில் பால் ஊற்ற வருகிறவர் ஒரு சிறு குப்பியில் கெட்ட காம்பின் பாலையும் கொடுத்துவிட்டுப் போவார், மறுநாள் காலை அதே வரிசையில் நிற்கும்போது பதில் கிடைக்கும். 37 டிகிரி வெப்பம் தரும் ஒரு பெட்டி, பயிற்சி பெற்ற ஒருவர். பால் வண்டி தினமும் ஊருக்கு வரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இது பெரிய கனவல்ல என்றே நினைக்கிறேன்.

அந்த ஒரு நாளை எப்படித் தாண்டுவது? நோயைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வராது. இங்கேதான் தஞ்சாவூர் வருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபுவழி மூலிகை மருத்துவத்தைத் தொகுத்து முறைப்படுத்தினார். மடிநோய்க்கு அவர் சொன்னது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் சிவந்த விழுது. ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிவிட்டுப் பூச வேண்டும். நாளுக்கு எட்டிலிருந்து பத்து தடவை, ஐந்து நாள். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் 2014இல் குஜராத்தின் சபர்காந்தாவில் தொடங்கிய மடிநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தட்டுச் சோதனையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. கூழ் வந்த மாடுகளுக்கு ஊசிக்குப் பதில் டிரைசோடியம் சிட்ரேட் என்ற உப்பை வாய்வழி கொடுத்தது. பிற்பாடு இந்தத் தஞ்சாவூர் விழுதையும் சேர்த்துக்கொண்டு மற்ற மாநிலப் பால் ஒன்றியங்களுக்கும் பரப்பியது. சோதனை ஊசியைக் கூட்டிவிடும் என்ற ஆபத்துக்கு இது யோசித்துச் செய்த பதில்.

(விழுது சிவப்பதற்குக் காரணம் மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவது. ஆரத்தித் தட்டின் சிவப்பும் அதுவே. மடிநோயில் பாலும் காரப்பக்கம் சற்று நகர்கிறது. ஆனால் pH 6.7 அளவிலிருந்து 7ஐத் தொட்டுத் தாண்டும் அந்தச் சிறு நகர்வுக்கு மஞ்சள் சிவக்காது. வேறு சாயம் தோய்ந்த காகிதம் வேண்டும்.)

மூலிகை வேலை செய்கிறதா? பல்லாயிரம் மாடு குணமானது என்ற கள அறிக்கைகளை நான் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்கிறேன். மருந்தே போடாத மாடுகளில் பலவும் தானே தேறுகின்றன என்பதைத்தான் அந்த எட்டுப் பண்ணைகளில் பார்த்தோம். பூசிய கூட்டத்தோடு பூசாத கூட்டத்தையும் நிறுத்தி ஒப்பிட்டால்தான் கற்றாழையின் பங்கு எவ்வளவு, மாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும். அதற்காக விழுதைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. நாளுக்குப் பத்து முறை மடியைக் கழுவுகிறவர் மடியைப் பத்து முறை பார்க்கிறார். காய்ச்சல் ஏறினால் அவருக்கு உடனே தெரியும். கை வேலையில் இருப்பதால் ஊசிக்காரரைக் கூப்பிடாமலும் இருக்கிறார்.

ஆனால் நாளுக்குப் பத்து முறை யார் பூசுவது? காலையில் வேன் ஏறி, பொழுது சாயத் திரும்புகிற பெண்ணால் முடியாது. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் உண்டு. இல்லாத வீட்டில் ஊசியே சுலபம், ஒரு முறை குத்தினால் தீர்ந்தது. பட்டாசு வட்டாரத்தில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டை அறியாமை என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். அது நேரமின்மையும்கூட. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி எடுப்பது, கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்காமல் முழுக்கையால் பீச்சுவது, நோய் மாட்டைக் கடைசியாகக் கறப்பது போன்றவைதான் இந்த வீடுகளுக்கு அதிகம் உதவும். அவை கறக்கும் நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுபவை.

ஐரோப்பாவில் மருந்துப் பயன்பாட்டின் பெரிய குறைப்பு வேறு இடத்தில் நிகழ்ந்தது. பால் வற்றவிடும்போது எல்லா மாட்டுக்கும் நான்கு காம்பிலும் மருந்து ஏற்றுவது அங்கே பல பத்தாண்டு வழக்கம். நெதர்லாந்து அதை நிறுத்தியது. அந்நாட்டில் எல்லாக் கால்நடைகளுக்குமான ஆன்டிபயாடிக் விற்பனை 2009க்கும் 2015க்கும் இடையில் பாதிக்குமேல் குறைந்ததில் இதற்கும் பங்குண்டு. 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க வருமுன் காப்பாக மந்தைக்கு மருந்து ஏற்றுவதற்குத் தடை. நம் சிறு தொழுவங்களில் அந்த வழக்கமே அரிது, எனவே குறைக்கவும் இங்கே ஒன்றுமில்லை. நம் மருந்து அந்தக் காலை ஆறு மணிப் போன் அழைப்பில்தான் செலவாகிறது.

ஊசி போட வேண்டியதாகவே இருந்தாலும் கணக்கு அத்தோடு முடிவதில்லை. மருந்து உறையில் பால் ஒதுக்கும் காலம் தனியாகக் குறிக்கப்படாவிட்டால் குறைந்தது 7 நாள் என்று 2012இல் திருத்தப்பட்ட மருந்து விதிகள் சொல்கின்றன. நாட்டுக்கே நாட்காட்டி அச்சிடும் சிவகாசியில் தொழுவத்துச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் இல்லாமலிருக்காது. ஊசி போட்ட தேதியில் ஒரு வட்டம், பால் ஊற்றலாம் என்ற தேதியில் இன்னொரு வட்டம். எழுதுவது சுலபம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டின் பாலை ஏழு நாள் கீழே ஊற்றுவது சுலபமல்ல. லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,450 ரூபாய். அந்தப் பாலைக் கன்றுக்குக் கொடுத்தால் கன்றின் குடலில் எதிர்ப்புக் கிருமிகள் வளரும்.

சொசைட்டியில் பாலுக்கு விலை நிர்ணயிப்பது கொழுப்பும் இதர சத்தும்தான். வெள்ளை அணு எண்ணிக்கைக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பாவில் மில்லிக்கு 4 லட்சத்துக்கு மேல் நீடித்தால் பாலை வாங்கவே மாட்டார்கள், அமெரிக்காவில் 7.5 லட்சம் வரை. சுத்தமான மடிக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்று ஓர் ஒன்றியம் அறிவித்துப் பார்க்கட்டும். பிளாஸ்டிக் தட்டை யாரும் இலவசமாகக் கொடுக்க வேண்டியிருக்காது, வாங்கிக்கொள்வார்கள். ஏழு நாள் பாலை ஒதுக்கியவருக்கு அந்த 2,450 ரூபாயில் பாதியை ஈடுகட்டினால், மருந்துப் பாலும் கேனுக்குள் வராது. ஊசி அவசியமா என்று ஒரு நாள் பொறுத்துப் பார்க்கும் நிதானத்துக்கும் அந்த வீட்டில் இடம் கிடைக்கும்.